மார்கழி முடியட்டும் என்றார் அண்ணா

என் அம்மா ஓர் ஐரோப்பியர். சிரிக்க வேண்டாம். நூல் சேலை கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, சொதி இல்லாமல் இடியப்பத்தை வைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்து மனுஷிதான். ஆனாலும் அவருடைய கைப்பையில் இருப்பது நெதர்லாந்துக் கடவுச்சீட்டு. கடும் சிவப்பு அட்டை, பொன்னிற எழுத்து. அந்த நாட்டு மொழியில் அவருக்கு வரும் சொற்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அதெல்லாம் சட்டத்துக்குத் தேவையில்லை. சட்டப்படி அவர் ஐரோப்பியர். இதை எங்கள் குடும்பத்தில் எல்லோருமே மறந்திருந்தோம். எல்லோரையும்விட வசதியாக மறந்திருந்தவர் என் அண்ணா.

போர்க்காலத்தில் யாருக்கு எந்தக் கதவு திறந்ததோ அதற்குள் புகுந்தவர்கள் நாங்கள். அண்ணாவுக்கு லண்டன். தங்கைக்கு, ஹொலண்ட் என்று நாங்கள் சொல்லும் நெதர்லாந்தில், ரொட்டர்டாம். நான் கலியாணம் கட்டி ஓக்லண்டுக்கு வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் குடியேறினேன். அப்பா போன பிறகு அம்மாவைக் கூப்பிட்டு எடுத்தவள் தங்கை. அதனால் அம்மா டச்சுக்காரி ஆனார். ஆனால் அவருடைய மனம் முழுக்க லண்டனில் இருந்தது. மூத்த பிள்ளை, ஒரே ஆண்பிள்ளை, நாளைக்குத் தனக்குக் கொள்ளி வைக்கப்போகிற பிள்ளை. "கொள்ளி வைக்கிறவன்ர வீட்டில இருந்துதான் நான் போகவேணும்" என்பார். தங்கையின் முகம் சுருங்கிப்போகும். விடிய எழும்பி அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் அவள்தானே. அம்மாவுக்கு அது கணக்கில் வராது.

அந்த நாட்களில் இது பெரிய பிரச்சினையாகவும் இருக்கவில்லை. கோடை வந்தால் அண்ணா காரோடு கப்பலில் ஏறி ஹொலண்டுக்குப் போவார். அம்மாவையும், அம்மா வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் பைகளையும் ஏற்றிக்கொண்டு அதே கப்பலில் திரும்புவார். மறுகரையில் அதிகாரி அட்டையைப் பார்ப்பார், அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், போகச் சொல்லிக் கையைக் காட்டுவார். அவ்வளவுதான். குளிர் தொடங்கும்போது அம்மா அதே மாதிரித் தங்கையிடம் திரும்புவார். அடுத்த தெருவில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போய் வருவதைப் போலத்தான் அம்மா அந்தப் பயணத்தைச் சொல்லுவார். எனக்கு இங்கிருந்து கேட்கப் பொறாமையாக இருக்கும். ஓக்லண்டிலிருந்து எந்தப் பிள்ளையும் காரை எடுத்துக்கொண்டு போய்த் தாயை ஏற்றி வர முடியாது.

அண்ணா லண்டனில் ஒரு கோயிலின் நிர்வாக சபையில் இருந்தார். அந்தச் சபைக்குத் தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. திருவிழாவுக்கு ஊரிலிருந்து மேளகாரரைக் கூப்பிட்டால் விசா கிடைப்பதில்லை. பூசைக்கு ஐயர் ஒருவரைக் கூப்பிட்டாலும் அதே கதை. "போலந்துக்காரன் பஸ்ஸில ஏறி வாறான். எங்கட நாதஸ்வரக்காரனுக்கு நூறு கேள்வி" என்று அண்ணா தொலைபேசியில் கொதிப்பார். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஐரோப்பாக்காரனை நிறுத்தினால் அந்த இடம் எங்கள் ஆட்களுக்கு வரும் என்று சபையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பந்தியில் ஒருவன் எழும்பினால் அடுத்தவன் உட்காரலாம் என்கிற கணக்கு. சபை முழுக்கத் தலையாட்டியது.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற பிரெக்சிட் வாக்கெடுப்பு முடிந்து முடிவு வந்த அன்று நான் வேலையில் நின்றேன். ஓக்லண்டின் ஓரத்தில், பக்குரங்காவுக்கு அப்பால், தேனைப் போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சிறிய தொழிற்சாலை. எந்த நாட்டுக்கு எந்த லேபல் ஒட்டவேண்டும், எந்தப் பத்திரம் கூடப் போகவேண்டும் என்று பார்ப்பதுதான் என் வேலை. தேநீர் அறையில் எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அண்ணாவின் அழைப்பு வந்தது. குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"வெண்டிட்டம் பிள்ளை! நான் விலகிறதுக்குத்தான் போட்டனான். எங்கட சபையில எல்லாரும் அப்பிடித்தான்."

"அண்ணா, அம்மாவும் தங்கச்சியும் அந்தப் பக்கமெல்லே இருக்கினம்?"

"விசர்க்கதை கதைக்காதை. இது அவங்களுக்கு. எங்கட ஆக்களுக்கு இல்லை."

எங்கட ஆக்கள் யார் என்று வாக்குச்சீட்டில் எங்கே எழுதியிருந்தது என்று கேட்க வாய் வந்தது. தமையன் என்ற மரியாதைக்கு அடக்கிக்கொண்டேன். தேநீரைக் குடித்துவிட்டுப் போய் லேபல் பார்த்தேன்.

பிறகு வருடக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. விலகுவதாகச் சொன்னார்கள், தள்ளிப்போட்டார்கள், பிரதமர்களை மாற்றினார்கள். அண்ணாவுக்கு அதுவே பெரிய ஆதாரமாகிவிட்டது. "பாத்தியா, ஒண்டும் நடக்கேல்லை" என்பார். எங்கள் தொழிற்சாலையில் மட்டும் நடந்துகொண்டே இருந்தது. முன்பெல்லாம் பிரிட்டனில் இருக்கும் இறக்குமதியாளரின் விலாசத்தை லேபலில் போட்டால் அந்தத் தேன் பாரிசுக்கும் போகும், பெர்லினுக்கும் போகும். இனி லண்டனுக்கு ஒரு லேபல், மற்றவர்களுக்கு ஐரோப்பிய விலாசத்தோடு இன்னொரு லேபல். பத்திரங்களும் இரண்டாகின. ஒரே பெட்டியில் ஒன்றாகப் போன போத்தல்களை இரண்டு பலகை அடுக்குகளாகப் பிரித்து வைத்தோம். என்னுடன் வேலை செய்கிற தமிழ்நாட்டுப் பெண் கேட்டாள்: "ஏன் அக்கா, தேனுக்கே இவ்வளவு ரூல்ஸ்னா மனுசங்களுக்கு எவ்வளவு இருக்கும்?" நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

கொரோனா வந்த வருடம் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. தங்கை முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நோயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேனோ என்று பயந்து அம்மாவின் அறை வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டு விலகிப் போவாள். அவர்களுடைய வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவின் முழங்கால் அதற்குள் முழுதாகப் போய்விட்டது. அந்தக் கோடையில் அண்ணாவின் காரும் வரவில்லை, கப்பலும் ஓடவில்லை. அம்மா ஜன்னலருகே உட்கார்ந்து கீழே நிற்கும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். கதைப்பது குறைந்தது, சாப்பாடு குறைந்தது. "அக்கா, அம்மா எனக்கு முன்னால கரைஞ்சு போறா" என்று தங்கை அழுதாள்.

மூவரும் ஒன்றாகத் தொலைபேசியில் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். அண்ணா அப்போது பெரிய வீடு ஒன்று வாங்கிக்கொண்டிருந்தார். கீழ்த்தளத்தில் அம்மாவுக்கென்று ஓர் அறை. குளியலறைச் சுவரில் பிடித்து எழும்பக் கம்பி, வழுக்காத தரை, ஜன்னலைத் திறந்தால் தோட்டம். அம்மா இனி நிரந்தரமாக அங்கேதான். வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட கொள்ளிப் பிள்ளையின் வீடு. செய்தியைச் சொன்னதும் அம்மா எழும்பி நடந்தாராம். பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டாராம்.

தங்கைதான் விசாரித்துச் சொன்னாள். அந்த வருடக் கடைசியோடு பிரிட்டனின் விலகல் முழுதாக நடைமுறைக்கு வருகிறது. அதற்குள் அம்மா லண்டனுக்குப் போய்க் குடியிருக்கத் தொடங்கிவிட்டால் அங்கே தங்கும் உரிமையைப் பிறகு பதிந்துகொள்ளலாம். அந்த நாள் தாண்டினால் அவர் வெறும் விருந்தாளி. வரலாம், போகலாம், இருக்க முடியாது. இதைவிடத் தெளிவாக ஒருவருக்கு எப்படிச் சொல்வது?

அண்ணாவின் புது வீட்டுத் திறப்புக் கொத்து கார்த்திகை கடைசியில்தான் கையில் கிடைத்தது. அவர் பஞ்சாங்கத்தை எடுத்தார். இருந்த சில நாட்களில் ஒன்று அஷ்டமி, ஒன்று அண்ணியின் நட்சத்திரத்துக்குச் சரியில்லை. அதற்கிடையில் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் யார் பால் காய்ச்சுவார்கள்? யார் குடிபுகுவார்கள்?

"மார்கழி முடியட்டும். தை முதல் கிழமை அருமையான நாள் ஒண்டு இருக்கு. பால் காய்ச்சி, அம்மாவை வலது கால் வைச்சுக் கூட்டிக்கொண்டு போவம்" என்றார்.

நான் இடைமறித்தேன். "அண்ணா, அந்த அரசாங்கத்துக்கு மார்கழி, தை ஒண்டும் தெரியாது. வருசக் கடைசியில கதவைப் பூட்டுறாங்கள். புது வீடு பிந்தட்டும். அம்மாவை இப்ப பழைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"பழைய வீட்டில ஒரு மாசம் இருத்தி, பிறகு இன்னொருக்கா இடம் மாத்தச் சொல்லுறியோ? அந்த வயசில? அதுவும் மார்கழியில தாயைக் குடி கொண்டுவந்தவன் எண்டு சனம் என்னைக் கேக்காதோ? பத்துப் பதினைஞ்சு நாள் பிந்தினா என்ன, ஒரு கடிதம் போட்டுக் கதைக்கலாம். நான் பிரிட்டிஷ் சிற்றிசன். என்ர தாயை அவங்கள் விடமாட்டினமோ?"

தங்கை ஏன் என் பக்கம் சேரவில்லை என்று எனக்குத் தெரியும். எவ்வளவு செய்தும் தன்னிடம் தங்க விரும்பாத தாயை வற்புறுத்தி அனுப்பிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நான் மட்டும் கத்தினேன். உலகத்தின் மறுகோடியில் நின்றுகொண்டு கத்துகிறவளை யார் மதிப்பார்கள். நியூசிலாந்தில் விமான நிலையமே பூட்டிக் கிடந்தது, நானாகப் போய்க் கூட்டிக்கொண்டு போகவும் வழியில்லை. கிறிஸ்துமசுக்கு முன்னமே லண்டனில் புதுவகைக் கிருமி என்று செய்தி வந்தது. ஹொலண்ட் அந்தப் பக்கத்து விமானங்களை நிறுத்தியது. அதற்குப் பிறகு நல்ல நாளும் இல்லை, கெட்ட நாளும் இல்லை.

லண்டனில் டிசம்பர் கடைசி இரவு பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்தது. எங்களுக்கு அது புத்தாண்டு மதியம் பன்னிரண்டு. நல்ல வெயில். பக்கத்து வீட்டில் இறைச்சி சுடும் மணம் வந்துகொண்டிருந்தது. நான் சோற்றுக் கஞ்சியை வடித்துக்கொண்டு நின்றேன். சுவர்க்கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியது. கணவரிடம், "அம்மாவின்ர கதவு பூட்டியாச்சு" என்றேன். சாப்பிட முடியவில்லை.

தையில் அண்ணா பால் காய்ச்சினார். நல்ல நாள்தான், குறை சொல்ல முடியாது. ஊரடங்கு என்பதால் ஒருவரையும் கூப்பிடவில்லை. பால் பொங்கி வழிவதை வீடியோவில் எல்லோருக்கும் காட்டினார். வெறுமையாக இருந்த கீழ் அறையையும் காட்டினார். அம்மா ரொட்டர்டாமில் நாலாம் மாடியில் இருந்து அதைப் பார்த்துக் கைகூப்பினார்.

கடிதம் போட்டுக் கதைத்தார் அண்ணா. வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்தும் கதைத்தார். பிரிட்டனில் ஒரு பிள்ளை தன் தாயைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வதற்கு ஒரு விசா உண்டு. ஆனால் அந்தத் தாய் தானாகக் குளிக்கவோ உடுக்கவோ முடியாதவராக இருக்கவேண்டும், அவரைப் பராமரிக்க அவருடைய நாட்டில் எந்த வழியும் இல்லை என்று காட்டவேண்டும். ஹொலண்டில் மகள் இருக்கிறாள், நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது. யார் நம்புவார்கள்? இந்த விதி பிரெக்சிட்டுக்கு முன்னமே இருந்ததுதான். எங்கள் ஊர்த் தாய்மார் எத்தனையோ பேர் அதில் முட்டி மோதித் தோற்றிருக்கிறார்கள். அம்மாவுக்கு மட்டும் அந்தச் சிவப்பு அட்டை இருந்ததால் அது தேவைப்படவில்லை. அண்ணா வாக்குப் போட்டுத் தன் தாயையும் அந்த வரிசையில் கொண்டுபோய் விட்டிருந்தார்.

கடைசியில் விருந்தாளியாகவாவது வரட்டும் என்று அடுத்த கோடையில் ஏற்பாடு செய்தார்கள். தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவைச் சக்கர நாற்காலி உதவியோடு தனியாக விமானத்தில் ஏற்றிவிட்டாள். லண்டனில் கடவுச்சீட்டு பார்க்கும் மேசையில் ஓர் இளம் பெண் இருந்திருக்கிறாள். எங்கள் நிறம், எங்கள் முகம். குஜராத்தியோ, பஞ்சாபியோ. அம்மாவுக்கு அதைக் கண்டதும் உற்சாகம். நம்ம பிள்ளை ஒருத்தி என்று நினைத்துக்கொண்டார். எவ்வளவு காலம் தங்கப்போகிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, சிரித்துக்கொண்டு, "லிவ். மை சன் ஹவுஸ். ஹீ மேக் ரூம் ஃபோர் மீ" என்றிருக்கிறார்.

அதோடு முடிந்தது. திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அண்ணா பிறகு எடுக்கலாம் என்று விட்டிருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். அம்மாவின் சேலைகள் எல்லாம் இருந்தன, அப்பாவின் படம் இருந்தது, சாமி விளக்கு இருந்தது. விடுமுறைக்கு வருகிறவர்கள் குத்துவிளக்கோடு வருவதில்லை. ஒரு வாங்குப் பலகையில் உட்காரவைத்து, தண்ணீரும் பாண் ரொட்டித் துண்டும் கொடுத்து, மாலை விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். வெளியே அண்ணா வடைப் பெட்டியோடு காத்து நின்றிருக்கிறார். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியிருக்கிறது. அம்மா வரவேயில்லை.

அன்று அண்ணா எனக்கு எடுத்து அழுதார். என் தமையன் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவின் செத்தவீட்டில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர். எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

"நீங்கள் ஆருக்கு எதிராப் போட்டனீங்கள் அண்ணா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு எண்டோ போட்டனான்?"

"வேற ஆர் ஐரோப்பாக்காரர் எங்கட வீட்டில?"

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அதன் பிறகு நெடுநாள் நாங்கள் கதைக்கவில்லை. அம்மாவுக்கு இந்த வாக்குக் கதை எதுவும் தெரியாது. பல தடவை என் நாக்கு நுனிவரை வந்தது. அண்ணா மேல் இருந்த பாசத்தால் நான் அடக்கவில்லை. சொன்னாலும் அம்மா நம்பமாட்டார், என்னைத்தான் குறை சொல்லுவார் என்பது தெரியும்.

நியூசிலாந்து எல்லையைத் திறந்ததும் முதல் வேலையாக அம்மாவை இங்கே கூப்பிட்டேன். தங்கை கூட வந்து விட்டுவிட்டுப் போனாள். என் நாடும் ஒன்றும் தர்மச் சத்திரம் அல்ல. இங்கே பெற்றோருக்கு நிரந்தர விசா என்றால் குலுக்கலில் பெயர் விழவேண்டும். அம்மா ஆறு மாதம் இருக்கலாம், பிறகு போய்விட்டுத்தான் வரவேண்டும். அந்த வயதில் உலகத்தைச் சுற்றி ஒரு முழு நாள் பறந்து போவார், பறந்து வருவார். ஆனாலும் எங்கள் வீட்டுக்குப் படி இல்லை. முன்வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் தெரு தெரியும். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் அம்மாவுக்குத் தலையசைப்பார்கள். கொஞ்சம் தேறினார். கதைக்கத் தொடங்கினார். கதைத்தது முழுக்க அண்ணாவைப் பற்றித்தான்.

அதற்கிடையில் பிரிட்டனும் நியூசிலாந்தும் வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. ஐரோப்பாவை விட்டு வந்த பிரிட்டனுக்கு எப்படியாவது புதுக் கூட்டாளிகளைப் பிடித்துக் காட்டவேண்டும். எங்கள் தேனுக்கு இனி வரி இல்லை. தொழிற்சாலையில் கேக் வெட்டினார்கள். இரண்டு நாட்டுக் கொடியையும் சீனியில் வரைந்திருந்தார்கள். முதலாளி சந்தோஷத்தில் என்னைக் கூப்பிட்டு முதல் துண்டைக் கொடுத்தார், லேபல்களோடு ஆகக் கூடுதலாக மாரடித்தவள் நான்தானாம். தேன் தாராளமாகப் போகும். மடியில் வைத்து வளர்த்த பிள்ளையின் வீட்டுக்கு என் அம்மா போக முடியாது. கேக் நன்றாகத்தான் இருந்தது.

இது போதாதென்று என் மகள். இங்கே பிறந்தவள், ஓக்லண்டின் ஆல்பனியிலேயே படித்து முடித்தவள். அதே ஒப்பந்தத்தின் புண்ணியத்தில் நியூசிலாந்து இளையவர்கள் லண்டனில் முன்பைவிடக் கூடுதல் காலம் இருந்து வேலை செய்யலாம். அவளுக்கு விசா வருவதற்கு நான் உளுந்து ஊறவைத்து அரைக்கும் நேரம்கூட எடுக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். "மாமா சேஸ் ஐ கேன் ஹேவ் த டவுன்ஸ்டேர்ஸ் ரூம்" என்றாள். போகாதே என்று சொல்ல என்னிடம் என்ன நியாயம் இருந்தது? போனாள். ஒரு நாள் வீடியோவில் தன் அறையைச் சுற்றிக் காட்டினாள். தோட்டத்து ஜன்னல், வழுக்காத தரை. அம்மா பிடித்து எழும்பவென்று பூட்டிய கம்பியில் அவள் துவட்டிய ஈரத்துவாய் தொங்கியது. அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நல்ல வெளிச்சமான அறை" என்றார்.

கோயிலுக்கு மேளகாரர் வந்தார்களா என்று மகளிடம் கேட்டேன். வரவில்லையாம். திருவிழாவுக்கு ஒலிபெருக்கியில்தான் நாதஸ்வரம் போட்டார்களாம். அண்ணாவின் சபையார் சுற்றி நின்று கேட்டிருப்பார்கள்.

சென்ற வருடம் அண்ணா மறுபடி கதைக்கத் தொடங்கினார். தானே ஓக்லண்டுக்கு வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார். தான் கூடவே வந்தால் எல்லையில் பயமில்லையாம். "விசிட், மூண்டு மாசம் எண்டு மட்டும் சொல்லச் சொல்லு. மிச்சத்தை வந்தாப் பிறகு பாப்பம். நல்லாப் பழக்கிவிடு பிள்ளை."

"வந்தாப் பிறகு என்னத்தைப் பாப்பியள் அண்ணா?"

அவர் டிக்கெட் விலையைப் பற்றிக் கதைத்தார். ஆனால் அம்மாவுக்குச் சொன்னபோது அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு நான் எப்படி மாட்டேன் என்பது? சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் அதிகாரி.

"எவ்வளவு காலம் நிக்கப்போறியள்?" என்று ஆங்கிலத்தில் கேட்பேன்.

"விசிட். த்ரீ மந்த்ஸ்."

"திரும்பிப் போறதுக்கு டிக்கெட் இருக்கோ?"

"யெஸ். ரிட்டேர்ன் டிக்கெட். யெஸ்."

அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லுவார். நான் தலையாட்டுவேன். மீண்டும் கேட்பேன். சில நாட்கள் இப்படிப் போயின. ஒரு நாள் வழக்கம்போலக் கேள்வியைக் கேட்டேன். அம்மா மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"மகன்ர வீட்டுக்குப் போறதுக்கு நான் ஏன் பிள்ளை பொய் சொல்லவேணும்?" என்றார். "அண்டைக்கு மேசையில இருந்த அந்தப் பெட்டைக்கு நான் உண்மையைத்தான் சொன்னனான். உண்மையைச் சொன்னதுக்குக் கள்ளியை மாதிரி வாங்கில இருத்தினவள். இப்ப கள்ளி மாதிரிப் போய்ப் பொய் சொன்னா உள்ளுக்கு விடுவினமோ?"

"அப்பிடித்தான் அம்மா அவங்கட சட்டம்."

"எனக்கு வேண்டாம். நான் வரேல்லை எண்டு உன்ர அண்ணனுக்குச் சொல்லிவிடு."

கொள்ளிப் பிள்ளையின் வீட்டிலிருந்துதான் போவேன் என்று என் சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த வாய் அது. நான் அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை.

"நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அண்ணா புறப்பட்டுவிட்டார். விமான நிலையத்துக்கு நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணா தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. தன்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றும், கடவுச்சீட்டை இயந்திரத்தில் வைத்ததும் கதவு திறந்துகொண்டது என்றும் வழியெல்லாம் வியந்துகொண்டு வந்தார். நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அம்மா கார்ச் சத்தத்துக்கு எழும்பி வந்து கதவைத் திறந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். அண்ணா பெட்டியைப் போட்டுவிட்டு, "அம்மா" என்று கையை நீட்டிக்கொண்டு போனார்.

அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விலகவில்லை.

"எவ்வளவு காலம் நிக்கப்போறாய் தம்பி?"

அண்ணா சிரித்தார். "ரெண்டு கிழமை அம்மா."

"திரும்பிப் போறதுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறியோ?"

அவருடைய சிரிப்பு நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம் அம்மா. எனக்கும் எடுத்திருக்கிறன், உங்களுக்கும்..."

"உன்ரையைத்தான் கேட்டனான்."

"இருக்கம்மா."

"அப்ப சரி, உள்ளுக்கு வா" என்று சொல்லிவிட்டு அம்மா விலகி வழிவிட்டார்.